தாய்லாந்துப் பல்கலைக்கழகத்தில் ஒரு பருவம்

நம் கல்லூரி ஆண்டுமலரின் தமிழ்ப் பகுதிக்கு ஏதேனும் வரைந்தனுப்புக என்று அதன் ஆசிரியர் என்னைப் பணித்தனர். பழைய மாணாக்கர் எழுதும் கட்டுரைகள் பெரும்பாலும் தாம் பயின்ற காலத்துப் பெருமைகளையே பேசுவன என்பதை யான் அறிவேன். ஆதலின் அவ்வழியை விடுத்து, யான் ஆசிரியனாயிருந்த காலத்தில் என்பால் நேர்ந்த ஒரு பிழையைப் பற்றி எழுதத் துணிந்தேன். அப்பிழை நிகழ்ந்த இடம் தாய்லாந்து. நிகழ்ந்த ஆண்டு 2016. அதனை விளங்கச் சொல்லுதற்கு, அந்நாட்டின் உயர்தரக் கல்வி வெளிநாட்டாரோடு எவ்வாறு கலந்து வளர்ந்ததென்பதையும் ஓரளவு சொல்லவேண்டியிருக்கின்றது. படிக்கும் அன்பர்கள் பொறுத்தருள்வார்களாக.

யான் நம் கல்லூரியில் வேதியியல் பயின்று, பின்னர் வேறிடத்தில் மண்ணியல் கற்று, அதனையே பல்லாண்டு கற்பித்து வந்தவன். ஆசிரியரைப் பரிமாறிக்கொள்ளும் ஏற்பாடொன்றின் வாயிலாக, 2016ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் முதல் மே முடிய ஒரு பருவம் தாய்லாந்தின் வடகிழக்கிலுள்ள ஒரு பல்கலைக்கழகத்தில் கற்பிக்கும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. வடகிழக்குத் திசையை நாம் ஈசானிய மூலை என்போமன்றோ? அந்நாட்டாரும் தம் வடகிழக்குப் பகுதியை 'ஈசான்' என்றே வழங்குகின்றனர். கடலினின்று நெடுந்தொலைவு விலகிய மேட்டுநிலம் அது. மழை பெய்தால் நெல். மழை நீங்கினால் வெடித்த வயலும் புழுதியும். யான் பிறந்த இராமநாதபுரச் சீமையை அந்நிலம் முதல் நாளே எனக்கு நினைவூட்டியது.

அலுவலகத்தில் என் கையிற் கொடுத்த நியமனத் தாளில் ஆண்டு 2559 என்று குறித்திருந்தது. எழுத்தர் பிழையோவென ஐயுற்றேன். பின்னரே, அந்நாட்டார் கிறிஸ்து ஆண்டோடு 543 கூட்டிப் புத்தர் ஆண்டு கணக்கிடுவரென அறிந்தேன். இவ்வாறு வியப்போடு தொடங்கிய அந்நாள், சொற்களைக் கேட்கக் கேட்க வேறொரு வகை வியப்பாக மாறியது. பல்கலைக்கழகத்திற்கு அவர்கள் இட்ட பெயர் 'மகாவித்தயாலை', இது மகாவித்தியாலயமேயாகும். ஆசிரியரை 'ஆஜான்' என்றழைப்பர். ஆசாரியர் என்னும் சொல் அவர்கள் நாவில் தேய்ந்து நம் 'ஆசான்' என்னும் சொல்லின் அருகே வந்து நிற்கின்றது. இளங்கலைப் பட்டம் பெற்றவர் 'பண்டித்'; முதுகலைப் பட்டம் பெற்றவர் 'மகாபண்டித்'. கல்வித்துறைக் குழுவிற்குக் கணம் என்று பெயர். அக்கணத்தின் தலைவர் யாவரெனின், கணபதி! எழுத்து அதுவே, ஒலி மட்டும் 'கணபோதி' என்று சிறிது திரியும். மாண்புமிக்க கணபதியின் அறைக்குச் சென்று வணக்கம் செலுத்துமாறு என்னிடம் கூறியபொழுது, யான் நகையை அடக்கிக்கொள்ளப் பெரிதும் முயன்றேன்.

இவை யாவற்றினும் என் உள்ளத்தில் ஆழ்ந்து பதிந்த சொல் ஒன்றுண்டு. யான் கற்பிக்கவேண்டிய வகுப்பு, ஆங்கிலத்தில் நடைபெறும் வகுப்பு. பல நாட்டு மாணாக்கரும் சேரத்தக்கது. அதன் பெயர்ப்பலகையில் தாய் எழுத்தில் 'நானாசாத்' என்று வரைந்திருந்தது. நானாஜாதி என்பதே அச்சொல். அவர்கள் வழக்கில் ஜாதி என்பது நாட்டினத்தைக் குறிக்கும். எனவே நானாசாத் என்றால் பல நாட்டினங்களுக்கும் உரியது என்பது பொருள். நம்மூரில் வேறு பொருள் தரும் சொல் ஆங்கு இத்துணை விரிந்த பொருளில் நிற்பதைக் கண்டு மகிழ்ந்தேன். அச்சொல்லின் முழுப்பொருளை யான் உணர இரண்டு மாதமாயிற்று.

இனி அந்நாட்டுக் கல்வியின் வரலாற்றைச் சிறிது காண்போம். முன்னாளில் சயாம் எனப்பட்ட அந்நாடு 1939இல் தாய்லாந்து எனப் பெயர் பெற்று, இடையே சில ஆண்டு பழம்பெயரை மீண்டும் பூண்டு, 1949 முதல் தாய்லாந்தென்றே வழங்குகின்றது. தென்கிழக்கு ஆசியாவில் ஐரோப்பியரின் குடியேற்ற ஆட்சிக்கு உட்படாத நாடு அஃதொன்றே. ஆதலின், நம் நாட்டிற்போல ஆள்வோர் தம் மொழியிலே கல்லூரிகளை நாட்டி, அம்மொழியைக் கல்விக்கு வாயிலாக்கும் நிலைமை ஆங்கு நேரவில்லை. எனினும் வெளிநாட்டறிவு அவர்களுக்கு வேண்டாததாயிருக்கவில்லை. 1835இல் ஆங்குச் சென்ற அமெரிக்க மிஷன் மருத்துவர் டான் பீச் பிராட்லி என்பார் தாய் எழுத்தில் நூல் அச்சிடும் பணியை நடத்தினார். மேனாட்டு முறை அறுவை மருத்துவத்தையும் அறிமுகப்படுத்தினார். மன்னர் சூலாலங்கோன் காலத்தில் அரசு உதவிப்பொருள் பெற்று மாணாக்கர் ஐரோப்பா சென்று கற்றனர். அவர்தம் மைந்தரும், ஆக்ஸ்போர்டிற் பயின்றவருமாகிய மன்னர் வஜிராவுத், தந்தையின் பெயரால் 1917இல் நாட்டின் முதற் பல்கலைக்கழகத்தை நிறுவினார்.

அக்காலத்து இளவரசர் மஹிதோல் என்பாரின் வாழ்க்கை நம் மாணாக்கர் யாவரும் அறியத்தக்கது. கடற்படைப் பயிற்சி பெற்ற அவர், அதனை விடுத்து அமெரிக்கா சென்று ஹார்வர்டில் மருத்துவம் கற்று 1928இல் பட்டம் பெற்றார். பாங்காக்கின் சிரிராஜ் மருத்துவப் பள்ளியைச் சீர்திருத்துதற்கு ராக்பெல்லர் அறநிலையத்தின் துணையைப் பெற்றுத் தந்தவரும் அவரே. 1929இல் இளவயதிலே அவர் இறந்தார். அப்பள்ளி வளர்ந்து, 1969இல் அவர் பெயரையே தாங்கும் பல்கலைக்கழகமாயிற்று. பாரிசில் சட்டம் பயின்று மீண்ட ப்ரீதி பனோம்யோங் 1934இல் தம்மசாத் பல்கலைக்கழகத்தைத் தோற்றுவித்தார். இத்தாலி நாட்டுச் சிற்பியாகிய கொராடோ பெரோச்சி 1923இல் வந்து, தாய்ப் பெயர் பூண்டு, அந்நாட்டுக் குடியாகவே மாறினார். 1943இல் சில்பகோன் பல்கலைக்கழகம் எழுவதற்கு அவரே காரணர். சில்பம் என்னும் நமது சொல்லே அப்பெயரில் உள்ளது.

இங்குக் கருதவேண்டிய செய்தி ஒன்று. ஆசிரியர் வெளிநாட்டார், நூல்கள் வெளிநாட்டின, பொருளுதவியும் பெரும்பாலும் வெளிநாட்டது. ஆயினும் அவ்வறிவு மாணாக்கரிடம் சென்றடைந்த மொழி பெரும்பாலும் தாய் மொழியே. அதற்கெனப் புதுச்சொற்கள் ஆயிரக்கணக்கில் ஆக்கப்பட்டன. ஆக்ஸ்போர்டிற் கற்றவரும், 1956இல் ஐக்கிய நாடுகள் பொதுச்சபையின் தலைவராக வீற்றிருந்தவருமாகிய இளவரசர் வான் வைத்தயாகோன், அரசியலமைப்புக்கும் புரட்சிக்கும் தம் மொழியில் வழங்கும் சொற்களை ஆக்கித் தந்தார். உலக அரங்கிலே நின்று ஆங்கிலத்தில் உரையாற்ற வல்ல ஒருவர், தம் ஊர் மாணாக்கனுக்காகச் சொல்லாக்கத்தில் உழைத்தார் என்பதை நினைந்து யான் பலகாலும் வியந்ததுண்டு. நம் நாட்டிலும் 1930களில் கலைச்சொல்லாக்கம் பற்றி எழுந்த வாதங்களை அறிந்தோர்க்கு அவ்வுழைப்பின் அருமை விளங்கும்.

பின்வந்த காலத்தில் வேறொரு போக்குத் தோன்றியது. 1959இல் பாங்காக்கில் தொடங்கிய பொறியியல் மேற்படிப்புப் பள்ளியொன்று 1967இல் ஆசியத் தொழில்நுட்ப நிறுவனமாக மாறிற்று. அதன் பயிற்று மொழி ஆங்கிலம். இந்தியரும் இலங்கையரும் அங்குச் சென்று பயின்று பொறியியலில் சிறந்தனர். ஏர்க்காட்டில் மான்ட்போர்ட் பள்ளியை நடத்தும் தூய கபிரியேல் சகோதரர் சபையினரே பாங்காக்கில் 1969இல் தொடங்கிய வணிகப் பள்ளி, 1990இல் அசம்ப்ஷன் பல்கலைக்கழகமாயிற்று, அங்கும் ஆங்கிலமே. சியாங்மாய் நகரில் அந்நாட்டுத் திருச்சபையினர் 1974இல் பாயாப் கல்லூரியைத் தோற்றுவித்தனர். பல்கலைக்கழகத் தகுதி பெற்ற முதல் தனியார் நிலையம் அது. மஹிதோல் பல்கலைக்கழகம் 1986இல் ஆங்கிலவழி இளங்கலை வகுப்புகளைத் தொடங்கியது. 1990 முதல் 2004 வரைக்குமென அரசினர் வகுத்த பதினையாண்டுத் திட்டம், உயர்கல்வியை உலகினர்க்குப் பொதுவாக்குதலையும் தன் குறிக்கோள்களுள் ஒன்றாக வெளிப்படக் கூறிற்று. 1995இல் ஆசியான் பல்கலைக்கழகக் கூட்டமைப்புத் தோன்றியபொழுது அதன் செயலகம் சூலாலங்கோன் பல்கலைக்கழகத்திலேயே அமைந்தது.

இப்போக்கினால் காலக்கணக்கும் மாறியது. முன்பு கல்வியாண்டு ஜூனில் தொடங்கி மார்ச்சில் முடிவது. அண்டை நாடுகளோடு ஒத்திருத்தல் வேண்டுமெனப் பல பல்கலைக்கழகங்கள் 2014இல் அதனை ஆகஸ்டு முதல் மே வரையென மாற்றிக்கொண்டன. பள்ளிகளோ பழைய முறைப்படி மே மாதத்திலேயே திறந்தன. ஆகவே ஆசிரியப் பயிற்சி பெறுவோர் பள்ளிக்குச் செல்லவேண்டிய காலமும் கல்லூரியில் இருக்கவேண்டிய காலமும் முரணின. வெயில் மிகக் கொடிய ஏப்ரல், மே மாதங்களில் வகுப்பும் தேர்வும் நிகழ்ந்தன. அவ்வெயிலை யானும் நுகர்ந்தேன். பின்னர்ச் சில பல்கலைக்கழகங்கள் பழைய காலமுறைக்கே திரும்பின.

வெளிநாட்டு மாணாக்கரை வேண்டுதற்கு மற்றொரு காரணமும் வலுப்பெற்று வருகின்றது. 1963 முதல் 1983 வரை அந்நாட்டில் ஆண்டுதோறும் 10 லட்சத்திற்கு மேற்பட்ட குழந்தைகள் பிறந்தன; 2024இல் பிறந்தவை 5 லட்சத்திற்கும் குறைவு. மாணாக்கர் குறையவே வகுப்பறைகள் வெறுமையாகின்றன. அவ்விடத்தை நிரப்ப வருவோருள் சீன மாணாக்கரே மிகப் பலர். 2021இல் மியான்மரில் இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றிய பின்னர் அந்நாட்டு இளைஞரும் பெருந்திரளாக வந்து சேர்ந்தனர். நானாஜாதி வகுப்புகளின் சம்பளம் தாய்மொழி வகுப்புகளின் சம்பளத்தினும் பெரும்பாலும் பன்மடங்கு மிகுதி. ஆதலின் அவ்வகுப்புகள் நிலையத்தின் புகழுக்கு மட்டுமன்றிப் பொருளுக்கும் துணையாகின்றன. இதனை யான் குறைகூறுதற்காகச் சொல்லவில்லை. பொருளின்றி எக்கல்லூரியும் நடவாதென்பது நாம் அறிந்ததே.

இனி என் கதைக்கு வருவேன். என் வகுப்பில் மாணாக்கர் 22 பேர். தாய்லாந்தினர் பதினால்வர், ஏனையோர் லாவோஸ், மியான்மர், கம்போடியா, வியட்நாம், சீனம் ஆகிய நாடுகளிலிருந்து வந்தோர். யான் எடுத்துக்கொண்ட பாடம் உவர்நிலம். மரங்களை வெட்டி வீழ்த்தினால் மழைநீரை உறிஞ்சும் வேர்கள் அழிந்து, நிலத்தடி நீர் மட்டம் உயரும். அந்நீர் அடியிலுள்ள உப்பைக் கரைத்து மேலேற்றும். நீர் ஆவியாக, உப்பு மட்டும் நிலத்தின்மேற் படியும். இதற்கு எடுத்துக்காட்டாக யான் கையாண்டது மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை நிலங்கள். பாடநூலில் உள்ளது அதுவே. எனக்குப் பழக்கமானதும் அதுவே. இரண்டு வாரம் அதனை விரித்துரைத்தேன்.

வகுப்பில் சன்னலோரம் மூன்றாம் வரிசையில் ஒரு மாணவி அமர்ந்திருப்பாள். நாடோறும் தவறாமல் வருவாள். யான் உள்ளே புகுந்ததும் அந்நாட்டு முறைப்படி கைகுவித்து வணங்குவாள். யான் எழுதுவதெல்லாம் எழுதிக்கொள்வாள். ஒரு வினாவும் வினவியதில்லை. வினவினால் விடையும் சொல்லியதில்லை. பிறர்க்குத் தொல்லை தரலாகாதென்னும் தயக்கத்தை அந்நாட்டார் ஒரு நற்குணமாகப் போற்றுவர். ஆசிரியர்முன் அத்தயக்கம் இன்னும் மிகும். இதனை நூல்களிற் படித்திருந்தேன். படித்திருந்தும், வகுப்பிற் பங்கேற்றலுக்கென ஒதுக்கிய 10 மதிப்பெண்ணில் அவளுக்கு ஒன்றும் இட்டேனில்லை. விதி அவ்வாறிருந்தது, யான் விதியைப் பின்பற்றினேன்.

பிப்ரவரி இறுதியில் ஒருநாள், இரண்டு வகுப்புகளுக்கிடையே யான் தாழ்வாரத்தில் விரைந்து செல்லுங்கால் அம்மாணவி எதிர்ப்பட்டு ஒரு தாளை நீட்டினாள். நானாஜாதி வகுப்பினின்று நீங்கித் தாய்மொழி வகுப்பிற் சேர இசைவு வேண்டும் விண்ணப்பம் அது. பாட ஆசிரியர் கையொப்பம் வேண்டுமாம். யான் அத்தாளைச் சுவரில் வைத்துக் கையொப்பமிட்டுக் கொடுத்தேன். ஏன் செல்கின்றாய் என்று ஒரு சொல்லும் வினவவில்லை. அவள் வணங்கிச் சென்றாள். இவையெல்லாம் நிகழ அரை நிமிடமும் ஆகியிராது.

அடுத்த வாரம், மார்ச் மாதத் தொடக்கத்தில், உவர்நிலம் காணும்பொருட்டு மாணாக்கரை அழைத்துச் சென்றோம். விண்ணப்பம் இன்னும் முடிவுபெறாமையால் அம்மாணவியும் வந்தாள். பல்கலைக்கழகத்தினின்று 60 கிலோமீட்டர் தொலைவில் ஒரு சிற்றூர். ஈசான் மேட்டுநிலத்தின் அடியில் மிகப் பெரிய கல்லுப்புப் படுகை கிடக்கின்றது. வேனிற்காலத்தில் தாழ்ந்த வயல்களின்மேல் வெண்ணிறப் பொருக்குப் படியும். ஊரார் அதனைச் சுரண்டியெடுத்து, தொட்டியிலிட்டு நீரூற்றி, வடியும் உவர்நீரைக் காய்ச்சி உப்பெடுப்பர். கடலைக் காணாத அந்நாட்டில், ஆற்றுமீனை ஊறவைத்துப் பதப்படுத்துதற்கு அவ்வுப்பே நெடுங்காலம் பயன்பட்டது. யான் பையினின்று கருவியை எடுத்து மண்ணின் உவர்ப்பை அளக்கத் தொடங்கினேன்.

அளந்துகொண்டிருக்கையில் என் பின்னால் ஒரு குரல் எழுந்தது. தங்குதடையின்றி, விரைவாக, நகையும் இடையிடையே கலந்து ஒருவர் பேச, ஏனையோர் சூழநின்று கேட்டனர். திரும்பிப் பார்த்தேன். பேசியவள் அம்மாணவியே. தாய்லாந்தின் பொதுமொழியுமன்றி, லாவோஸ் மொழியோடு நெருங்கிய உறவுடைய ஈசான் பேச்சில் அவள் பேசினாள். லாவோஸ் மாணாக்கர் தலையசைத்துக் கேட்டனர். ஒரு பிடி மண்ணையெடுத்து நாவில் வைத்துச் சுவைத்து, மேட்டையும் வயலையும் கைநீட்டிக் காட்டினாள். எனக்கு ஒரு சொல்லும் விளங்கவில்லை.

மியான்மரிலிருந்து வந்த மாணாக்கன் ஒருவன் என் அருகில் வந்தான். அவன் அந்நாட்டில் இரண்டாண்டு வாழ்ந்து, விடுதித் தோழரிடமும் சந்தையிலும் இரண்டு பேச்சையும் கற்றுக்கொண்டவன். "ஆஜான், இவள் சொல்வதைத் தாங்கள் கேட்டல் வேண்டும். தாங்கள் இரண்டு வாரம் எங்களுக்குச் சொன்ன பாடமே இது" என்றான். பின்பு ஆங்கிலத்திற் பெயர்த்துச் சொன்னான். இது போன்றதோர் ஊரே அவளது ஊர். அவள் பாட்டியின் இளமையில் மேட்டின்மேல் காடு இருந்தது. தாழ்ந்த வயலில் உப்பு ஒருமூலையில் மட்டும் கண்டது. பின்னர் மரவள்ளி பயிரிடுதற்காகக் காட்டை அழித்தனர். சில ஆண்டில் உப்பு வயலின் நடுவரை வந்தது. அவள் தந்தை கைவிட்ட வயல் இரண்டு. காட்டுக்கும் உப்புக்கும் தொடர்புண்டென்று பாட்டி சொல்லியதை ஊரார் நகைத்தனர். பாட்டி சொன்னது மெய்யோவென அறிதற்கே அவள் மண்ணியல் கற்க வந்தாளாம்.

யான் அம்மாணவியை நோக்கி, "இதனை வகுப்பில் ஏன் சொல்லவில்லை?" என்று கேட்டேன். அவள் சிறிது நேரம் நிலத்தைப் பார்த்திருந்து, பின் மெல்ல விடை சொன்னாள். அதனை அம்மாணாக்கன் எனக்குப் பெயர்த்தான்: "ஆஜான் சொல்லியது ஆஸ்திரேலியாவைப் பற்றி. அது எங்கள் வயலைப் பற்றியது என்று எனக்கு விளங்கியபொழுது பாடம் மாறிவிட்டது."

யான் விடைசொல்ல இயலாது நின்றேன். அந்நிலையில் என் நினைவு நம் கல்லூரிக்குச் சென்றது. 1974இல் யான் புகுமுக வகுப்பிற் சேர்ந்தேன். சிற்றூர்ப் பள்ளியில் தமிழில் யாவும் கற்றவன்; ஆங்கிலத்தில் நிகழ்ந்த பாடம் எனக்கு மழையிரைச்சல் போலவே கேட்டது. இரண்டு மாதம் வாய் திறந்ததில்லை. ஒருநாள் வேதியியல் ஆய்வுக்கூடத்தில் ஆசிரியர் என் மேசையருகே நின்றார். காரம் என்றால் என்னவென்று ஆங்கிலத்தில் வினவினார். யான் தலைகுனிந்தேன். அவர் அகன்று செல்லவில்லை. "தம்பி, நீ எந்த ஊர்?" என்றார். சொன்னேன். "உங்கள் ஊரில் வண்ணார் துணி வெளுக்க என்ன இடுவர்?" என்றார். "உவர்மண் ஐயா" என்றேன். "அதுதான் நான் கேட்ட விடை. ஆங்கிலப் பெயரை நாளைக்குக் கற்றுக்கொள்ளலாம்" என்று கூறி, என் தோளைத் தட்டிவிட்டு அடுத்த மேசைக்குச் சென்றார். யான் வேதியியலை விடாது கற்றதற்கும், உவர்மண்ணை ஆராய்வதிலே என் வாழ்நாளைச் செலவிட்டதற்கும் அவ்வொரு வினாவே காரணம். அவ்வினாவாற் கரையேறிய யானே, உவர்நிலத்திலிருந்து வந்த ஒரு மாணவியை இரண்டு மாதம் எதிரில் வைத்திருந்தும் அவள் எந்த ஊரினளென்று கேட்டேனில்லை.

ஊர் திரும்பியதும் கணபதி அவர்களைக் கண்டு, அவ்விண்ணப்பத்தை நிறுத்த வழியுண்டோவெனக் கேட்டேன். அவர் நல்லவர், வழியுண்டென்றார். ஆனால் அம்மாணவி அதனை வேண்டவில்லை. தாய்மொழி வகுப்பில் தன்னால் வினா எழுப்பமுடியும் என்றும், சம்பளமும் குறைவாதலின் தந்தைக்குக் கடன் சுமை குறையும் என்றும் சொன்னாள். அவள் முடிவு சரியானதே. அவள் என்னால் தோற்றாளென்று யான் கருதவில்லை. என் வகுப்பே அவளையிழந்து வறிதாயிற்று.

எஞ்சிய வாரங்களில் என் முறையை மாற்றினேன். ஒவ்வொரு வகுப்பிலும் முதற் கால்மணி நேரம் மாணாக்கர் சிறு குழுக்களாகப் பிரிந்து, தம் ஊரில் அப்பாடத்தோடு தொடர்புடையது யாதென்பதைத் தமக்கு வாய்த்த மொழியிற் பேசுவர். பின் ஒருவர் எழுந்து ஆங்கிலத்திற் சொல்வார். சொல் அகப்படாதவிடத்துத் தம் மொழிச் சொல்லையே வைப்பார். அச்சொல்லைப் பலகையில் எழுதுவோம். யானும் தாய் மொழியின் 44 மெய்யெழுத்துகளையும் கற்றேன். அவ்வெழுத்துகள் கெமேர் எழுத்தின் வழியாகப் பல்லவர் காலத்து எழுத்தினின்று தோன்றியவை என்பதை அறிந்தபின், அறுபதை எட்டும் வயதிற் சுவடியெடுத்த நாணம் சிறிது குறைந்தது. எல்லாரும் பேசத் தொடங்கிவிட்டனரென்று சொல்லமாட்டேன். இருவர் இறுதிவரை பேசவில்லை. ஆயினும் ஒவ்வொருவரும் எந்த ஊரினரென்பதை யான் அறிந்துகொண்டேன்.

அக்காலத்தேதான் நானாஜாதி என்னும் சொல்லை முழுதும் உணர்ந்தேன். ஆங்கிலத்தில் நடத்தினமையால் என் வகுப்பு நானாஜாதி வகுப்பென்று யான் எண்ணியிருந்தேன். ஆனால் அவ்வகுப்பில் மொழியெல்லையைக் கடக்கும் உழைப்பு முழுவதும் மாணாக்கர்மேலேயே கிடந்தது. அவர்களுள்ளும் வறிய ஊரிலிருந்து வந்தோர்மேல் மிகுதியாகக் கிடந்தது. ஆசிரியனாகிய யான் ஓரடியும் எடுத்துவைக்கவில்லை. அம்மியான்மர் மாணாக்கனே உண்மையில் நானாஜாதியைச் செய்து காட்டினான். இளவரசர் வான் அவர்களும், இத்தாலியச் சிற்பியாரும் தத்தம் காலத்தில் செய்ததும் அதுவேயன்றோ? ஒருவர் உலகைக் கற்றுத் தம் ஊருக்குச் சொல்லாக்கினார். மற்றவர் அயலூரிலே வந்து அவ்வூராகவே ஆனார்.

ஆங்கிலவழி வகுப்புகள் வேண்டா என்பது என் கருத்தன்று. அவை இல்லையேல் மியான்மரும் சீனமும் லாவோசும் ஓரறையில் அமர்தல் யாங்ஙனம்? யானும் அங்குச் சென்றிருத்தல் இயலாது. வேண்டுவது, அம்மொழி கதவாகத் திறத்தலேயன்றித் தாழாகப் பூட்டாதிருத்தல்.

மே மாத இறுதியில் விடைபெறும் நாளில் மாணாக்கர் தம் நாட்டு வழக்கப்படி என் மணிக்கட்டில் வெண்ணூல் கட்டி வாழ்த்தினர். வகுப்பை விட்டு நீங்கிய அம்மாணவியும் வந்திருந்தாள். நூலைக் கட்டிக்கொண்டே ஈசான் பேச்சில் ஏதோ சொன்னாள். இம்முறை பாதி எனக்கு விளங்கிற்று. எஞ்சிய பாதியை யான் அவளிடமே வினவித் தெரிந்துகொண்டேன். அவ்வாண்டு வேனிலில் தன் தந்தையின் மேட்டுநிலத்தில் மரக்கன்று நடப்போவதாக அவள் சொன்னாள்.

நம் கல்லூரியிலும் இந்நாளில் வெளிமாநிலத்தாரும் வெளிநாட்டாரும் வந்து பயில்கின்றனர் எனக் கேட்டு மகிழ்கின்றேன். சிற்றூர்ப் பள்ளிகளிலிருந்து தமிழில் மட்டும் கற்று வருவோரும் முன்போல் வருகின்றனர். மாணாக்க நண்பர்களே, உங்கள் வகுப்பில் பேசாதிருக்கும் ஒருவரைக் கண்டால், அவர் அறியாதவரென்று முடிவுசெய்யற்க. அருகிற் சென்று, நீ எந்த ஊர் என்று கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களுக்கு அறிவுரை கூறும் தகுதி எனக்கில்லை. எனினும், 1974இல் நம் ஆய்வுக்கூடத்தில் என் மேசையருகே நின்ற அவ்வாசிரியரின் வழி நம் கல்லூரியில் என்றும் நிலைத்திருக்க வேண்டுமென இறைவனை வேண்டி, இக்கட்டுரையை முடிக்கின்றேன்.